டொக்டரின் மனைவி வனில்லே

"நளீம் நானா, நான் நாலந்தாவத் தாண்டிட்டேன். ஒரு வெள்ளக்கார அம்மாவும் ரெண்டு பேரும் ஈக்கிறாங்க. ஒங்கட கார்டனுக்குத்தான் வாறோம். கொஞ்சம் கவனம்."

வேன் சாரதி ஷிஃபான் வழக்கமாக "வாறோம்" என்பதோடு தொலைபேசியை வைத்துவிடுகிறவன். "கவனம்" என்று அவன் சொல்லி நளீம் இதற்கு முன் கேட்டதில்லை.

"என்னத்துக்குக் கவனம்?"

"அந்த அம்மா ஜேர்மன்ல ஒரு கெம்பஸ்ல பெரிய ஆளாம். சொல்லெல்லாம் எங்கருந்து வந்திச்சின்னு தேடுறதுதான் வேலயாம். காலையிலருந்து ரோட்டுல ஈக்கிற கார்டன் எல்லாத்துலயும் ஏறி எறங்கி, ‘வனில்லேட கதய மொதல்ல சென்னது யாரு’ன்னு கேக்கிறாங்க. எல்லாரும் ‘நாங்க இல்ல’ன்னு அனுப்பிட்டாங்க. கூட வந்த பொடியன் பிரான்ஸ். மத்தப் புள்ள ஒல்லாந்து. சரி நானா, வைக்கிறேன், முன்னால பஸ் ஒண்டு."

நளீம் பொத்தென்று உட்கார்ந்தார். பின்னால் கதிரை இருந்தது அவருடைய நல்ல காலம்.

ஜேர்மனி, பிரான்ஸ், ஒல்லாந்து. இந்த மூன்றும் தனித்தனியாக வந்தபோதெல்லாம் நளீம் ராஜா மாதிரி இருந்தார். மூன்றும் ஒரே வேனில் வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்குப் போகிற வீதியில் ஸ்பைஸ் கார்டன்களுக்குப் பஞ்சம் கிடையாது. வேன் நிற்கும். வெள்ளைக்காரர்கள் இறங்குவார்கள். வழிகாட்டி ஒருவர் கறுவாப் பட்டையை உரித்து அவர்கள் மூக்குக்கு நேரே நீட்டுவார். மிளகுக் கொடி, ஏலச் செடி, கொக்கோ மரம் என்று சுற்றிக் காட்டிவிட்டு, எல்லோரையும் எண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கிய கடைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பதுர்தீன் ஹாஜியாரின் தோட்டமும் அப்படிப்பட்டதுதான். நளீம் அங்கே மூத்த வழிகாட்டி. ஜேர்மன், பிரெஞ்சு, ஒல்லாந்து ஆகிய மூன்று பாஷைகளிலும் முழுப் பேச்சையும் மனப்பாடமாக ஒப்பிப்பார். நடுவில் யாராவது அந்தப் பாஷையில் கேள்வி கேட்டால், சிரித்துக்கொண்டே அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். ஆங்கிலத்தில் மட்டும் கேட்கவும் தெரியும், பதில் சொல்லவும் தெரியும்.

வனில்லே கதை பிறந்தது ஒரு மழைக்காலத்தில். ஜேர்மன் தம்பதி ஒன்று கடைப்பக்கம் திரும்பியும் பார்க்காமல் வேனை நோக்கி நடந்தது. நளீம் பின்னால் ஓடினார். வனிலாக் கொடிக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்களுக்காக ‘வனில்லே’ என்று எழுதி நட்டிருந்த பலகையைக் கைகாட்டி, "நில்லுங்கள், இது உங்கள் சொல்!" என்று கத்திவிட்டார். கத்திய பிறகு ஏதாவது சொல்லியாக வேண்டுமே. வாய்க்கு வந்ததை ஆங்கிலத்தில் சொன்னார்.

முன்னொரு காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் காய்ச்சலோடு வந்து இறங்கினாராம் ஒரு ஜேர்மன் டொக்டர். யாரோ இந்தக் காயை அவர் மூக்கில் பிடித்தார்களாம். அவர் கண்ணைத் திறந்து, ஊரில் விட்டுவந்த மனைவியின் பெயரைச் சொல்லி அழுதாராம். மனைவியின் பெயர் வனில்லே. அதையே காய்க்கு வைத்துவிட்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரனும் ஒல்லாந்துக்காரனும் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கேட்டும் எடுக்கவில்லை, திருப்பியும் தரவில்லை.

ஜேர்மன்காரப் பெண்ணின் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடையில் அன்று எண்ணெய் தீர்ந்தது.

மறுநாள் வந்தது பிரெஞ்சுக் கூட்டம். டொக்டர் பிரெஞ்சுக்காரரானார். அடுத்த வாரம் ஒல்லாந்துக்காரரானார். மூன்று பாஷையிலும் அந்தச் சொல்லை ஒரே மாதிரித்தான் எழுதுகிறார்கள், வாயில் உருட்டும் விதம் மட்டும்தான் வேறு. ஆகவே பலகை ஒன்றே போதுமானதாக இருந்தது. அழுகிற மனைவியும் ஒருத்தியே போதுமானவளாக இருந்தாள். நாள் போகப் போக டொக்டருக்கு மாம்பழம் தின்கிற நாய் ஒன்றும் சேர்ந்தது. அதன் பெயர் மேங்கோ. பக்கத்து மாமரத்துப் பலகைக்கும் அதனால் ஒரு வழி பிறந்தது.

உண்மை நளீமுக்குத் தெரியாமல் இல்லை. வனிலா என்பது ஸ்பானியர்கள் ‘சின்னக் காய்’ என்ற பொருளில் வைத்த பெயர் என்பதும், மேங்கோ என்பது நம் மாங்காய் போர்த்துக்கேயர் வாயில் ஏறிப் போய்ப் பெற்ற உரு என்பதும் அவர் போனில் வாசித்த விஷயங்கள்தான். ஆனால் அதைக் கேட்டு யாரும் எண்ணெய் வாங்கியதில்லை.

இப்போது அவர் பயந்தது பொய் வெளியாகிவிடும் என்பதற்காகக்கூட அல்ல. மில்லுக்காகத்தான் பயந்தார்.

தோட்டத்தின் பின்புறம் ஹாஜியாரின் மிளகாய் மில் இருந்தது. முன்னால் நிற்கிற வழிகாட்டி வாய் தவறினால் பின்னால் மில்லுக்குப் போக வேண்டும் என்பது ஹாஜியாரின் சட்டம். மொட்டைத் தலையில் முடி முளைக்கும் என்று ஒரு வெள்ளைக்காரருக்கு வாக்குக் கொடுத்த ஸியாம் போன மாதம்தான் உள்ளே போனான். இப்போது தலையிலிருந்து கால்வரை சிவப்பாக, கண்ணிரண்டும் வீங்கி, தும்மிக்கொண்டே திரிகிறான். நளீமுக்கோ வீட்டில் மிளகாய் வறுத்தாலே மூச்சு நின்றுவிடும். மனைவி கைறுன்னிஸா கறி தாளிக்கும்போது அவர் தெருவுக்கு ஓடிவிடுவார். மில்லுக்குள் ஒரு வாரம் நின்றால் ஆளை எடுத்து அடக்க வேண்டியதுதான்.

"யா அல்லாஹ்!" என்று எழுந்தார் நளீம். "பவாஸ்! டேய், பவாஸ்!"

பவாஸ் ஓடி வந்தான். இளம் வழிகாட்டி. ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிறவன். நளீமை ‘நானா’ என்று அண்ணனாகவும் குருவாகவும் பார்க்கிறவன். எதைச் செய்யச் சொன்னாலும் சொன்னதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துச் செய்வது அவனுடைய சுபாவம்.

"வனில்லே போட், மேங்கோ போட் ரெண்டையும் கழட்டி ஒளிச்சி வை. கெதியா!"

"என்னத்துக்கு நானா?"

"கேள்வி கேக்காதடா!"

பவாஸ் இரண்டு பலகைகளையும் பிடுங்கி வாழைக்குள் எறிந்தான். வனிலாக் கொடியருகே கம்பு மொட்டையாக நின்றது. பார்க்க நன்றாக இல்லையே என்று அவனுக்குத் தோன்றியது. முந்தின நாள் பெயின்ட்காரர் எழுதிக் கொடுத்த புதுப் பலகை ஒன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. அதை எடுத்து வந்து மாட்டிவிட்டான். அம்புக்குறியோடு கூடிய டொய்லட் பலகை அது.

நளீம் அதைக் கவனிக்கவில்லை. அவர் அடுத்த ஏற்பாட்டில் இருந்தார்.

"ஜேர்மன் கெம்பஸ்லருந்து பெரிய ஆக்கள் வாறாங்க. இந்தக் கூட்டத்த நீ எடு பவாஸ். எனக்கு முடியல்ல. தல சுத்துது."

"நான் எடுக்கிறதா நானா? பெரிய பெரிய ஆக்கள் வாறாங்கன்றீங்க, நான் காட்டுறதா?"

"நீதான். கறுவா, மிளகு, எண்ணெய். அவ்வளவுதான். வேற ஒண்டும் பேசாத."

வேன் வந்து நின்றது. ஷிஃபான் இறங்கி, ஆட்களையும் இறக்கிவிட்டு, நேரே சாரதிமார் படுக்கிற கொட்டிலுக்குப் போய்க் காலை நீட்டிக் கண்ணை மூடினான். காலையிலிருந்து பத்துத் தோட்டமாவது ஏறி இறங்கிய களைப்பு அவனுக்கு. நளீம் கொக்கோ மரங்களுக்குப் பின்னால் குந்திக்கொண்டார்.

அம்மையாரின் பெயர் ஊர்சுலா. வெள்ளைத் தலை, கழுத்தில் கண்ணாடி, கையில் போன். பிரெஞ்சு இளைஞனுக்கு வேன் நின்ற நேரத்திலிருந்தே ஓர் அவசரம். பலகையைப் பார்த்தான், அம்பு காட்டிய திசையில் வனிலாக் கொடிக்குள் நுழைந்தான். வெகுநேரம் அவனைக் காணவில்லை. பிறகு தலை முழுக்கக் கொடியோடு வெளியே வந்து, "கதவு எங்கே இருக்கிறது?" என்று கேட்டான்.

பவாஸுக்குத் தன் பிழை உடனே விளங்கிவிட்டது. சமாளிக்க வேண்டுமென்ற பதற்றத்தில், தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்ததை எடுத்துவிட்டான்.

"சேர், அது டொய்லட் இல்லை. அது வனில்லே. ஒரு டொக்டருடைய மனைவியின் பெயர்."

கொக்கோ மரத்துக்குப் பின்னால் நளீம் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

ஊர்சுலா அம்மையார் போனைச் சட்டென்று உயர்த்திப் பிடித்தார். "எந்த நாட்டு டொக்டர்?"

"மெடம் எந்த நாடு?"

"ஜேர்மனி."

"ஜேர்மன் டொக்டர்தான், மெடம்."

"இலங்கைக்கு வந்துபோன என் மாமா, அவர் பிரெஞ்சு டொக்டர் என்றல்லவா சொன்னார்?" என்றான் இளைஞன், காதில் சுற்றியிருந்த கொடியை எடுத்தபடி.

பவாஸ் ஒரு கணம்தான் தடுமாறினான். "அவருடைய அம்மா பிரான்ஸ், சேர்."

"எங்கள் ஊர் ஐஸ்கிறீம் கடைச் சுவரில் அவர் படத்தையே வரைந்திருக்கிறார்கள். ஒல்லாந்துக்காரர் என்று கீழே எழுதியிருக்கிறதே?" என்றாள் ஒல்லாந்துப் பெண்.

"படித்தது ஒல்லாந்தில், மிஸ்."

"நாய்?" என்றார் அம்மையார் மெதுவாக. "நாய் எந்த நாடு?"

"நாய் இந்த ஊர்தான், மெடம்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மையார் போனை இன்னும் கிட்டே நீட்டினார். "இங்கேதான்! இந்த இடம்தான்!" என்றார். "இதை முதலில் சொன்னது யார்?"

பொலிஸ் கேட்கிற கேள்வி மாதிரியே நளீமின் காதில் அது விழுந்தது. இனி ஒளிந்திருந்து பிரயோசனமில்லை. வேட்டைக்காரர்களைப் பார்த்த முயல் ஓடுகிற பக்கமாக ஓடாமல், அவர் நேரே அவர்கள் முன்னாலேயே போய் நின்றார்.

"மன்னிக்க வேண்டும் மெடம்! இவன் புதியவன். இந்த டொக்டர் கதையெல்லாம் நான் என் வாழ்க்கையில் கேட்டதே இல்லை. வனில்லே ஸ்பானியச் சொல். சின்னக் காய் என்று அர்த்தம். அவர்களிடமிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்காள் ஒரே மாதிரி எழுதுவது அதனால்தான். மேங்கோ எங்களுடைய சொல், மாங்காய். போர்த்துக்கேயர் கொண்டுபோனார்கள். டொக்டரும் இல்லை, மனைவியும் இல்லை, நாயும் இல்லை."

தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வெள்ளைக்காரருக்கு உண்மையைச் சொன்ன களைப்பில் அவருக்கு மூச்சு வாங்கியது.

அம்மையார் சலிப்போடு கையை அசைத்தார். "அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நான் அதற்காக வரவில்லை. எனக்கு அந்தக் கதையைச் சொன்ன ஆள் வேண்டும். நான் ஏன் கேட்கிறேன் என்றால்..."

"தேத்தண்ணி குடிக்கிறீர்களா, மெடம்?"

"இல்லை. நான் கேட்பது ஏன் என்றால்..."

"இஞ்சி போட்ட தேத்தண்ணி, மெடம். தோட்டத்து இஞ்சி."

ஏன் என்று கேட்கிற தைரியம் நளீமுக்கு இல்லை. வாய் திறக்கவிடாமல் இஞ்சி, ஏலம், கராம்பு என்று அடுக்கிக்கொண்டே போனார். அந்த நேரம் பார்த்துத்தான் பதுர்தீன் ஹாஜியார் லுஹர் தொழுதுவிட்டு வெள்ளை ஜுப்பாவோடு வந்து சேர்ந்தார். ஹாஜியாருக்குச் சிங்களமும் தமிழும் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலத்தை மட்டும் அவர் வழிகாட்டிகளின் பொறுப்பில் விட்டிருந்தார்.

"என்ன இது, விருந்தாளிகள வெயில்ல நிப்பாட்டி வெச்சீக்கி?"

அம்மையார் அவர் பக்கம் திரும்பினார். "இதை முதலில் சொன்னது யார்?"

"என்ன கேக்கிறா?"

நளீம் மொழிபெயர்த்தார். "இங்க மொதலாளி யாருன்னு கேக்கிறாங்க ஹாஜியார்."

ஹாஜியார் நெஞ்சில் கையை வைத்தார். பொய் சொல்லாத மனிதர். "மீ," என்றார். "மீ, மீ."

அம்மையார் "ஓ!" என்று கூவினார். ஒல்லாந்துப் பெண் படம் பிடித்தாள். பிரெஞ்சு இளைஞன் கொடியும் தலையுமாகக் கைதட்டினான். தன் தோட்டத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று ஹாஜியாருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அம்மையார் போனை அவர் வாயருகே நீட்டி, "தயவுசெய்து ஆரம்பத்திலிருந்து, உங்கள் பாஷையிலேயே சொல்லுங்கள்," என்றார்.

"இப்ப என்ன கேக்கிறா?"

"தோட்டத்தப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லச் சொல்றாங்க."

ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அவருடைய வாப்பா இரத்தோட்டையில் பாக்கு வாங்கி விற்றது, பிறகு மிளகுக்கு மாறியது, இந்தக் காணியை வாங்கியபோது இங்கே பன்றியும் பாம்பும் மட்டும் இருந்தது, கிணறு வெட்டிக் கல் வந்தது, இரண்டாவது கிணறு வெட்டி அதிலும் கல் வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மூன்று வெள்ளைக்காரர்களும் ஒரு சொல்லும் விளங்காமல் மெய்மறந்து கேட்டார்கள். கிணற்றுக் கட்டம் வந்தபோது அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவியின் பெயரைச் சொல்லி டொக்டர் அழுகிற இடம் அது என்று அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அருமை நானா, தப்பிச்சிட்டோம்," என்று பவாஸ் காதில் கிசுகிசுத்தான்.

"வாய மூடு," என்றார் நளீம்.

அம்மையார் போனில் ஒரு படத்தை எடுத்து ஹாஜியாரிடம் காட்டினார். ஒல்லாந்து ஐஸ்கிறீம் கடைச் சுவர். தொப்பி போட்ட டொக்டர், பக்கத்தில் ஒரு நாய், நடுவில் தோளும் கழுத்தும் திறந்த கவுனோடு பொன்னிற முடிக்காரி ஒருத்தி. அம்மையார் அந்தப் பெண்ணைத் தொட்டுக்காட்டி, பிறகு ஹாஜியாரைக் காட்டி, மறுபடி அந்தப் பெண்ணைக் காட்டி, "உங்களுடையதா?" என்று கேட்டார்.

ஹாஜியாரின் முகம் மாறியது.

"நளீம்! யாருடா இந்தப் பொம்புள? என்னத்துக்கு அவளையும் என்னையும் மாத்தி மாத்திக் காட்டுறா?"

நளீம் படத்தைப் பார்க்காதவர்போல் வானத்தைப் பார்த்தார். உதவி செய்யக்கூடிய ஒரே ஆள் பவாஸ்தான் அங்கே நின்றான். உதவினான்.

"அது வனில்லே ஹாஜியார். டொக்டர்ட பொஞ்சாதி. நாங்க வெள்ளக்காரங்களுக்குச் சொல்ற கதைல வாறவ. அந்தக் கதய உண்டாக்கினது யாருன்னு அந்த ஜேர்மன் கெம்பஸ் அம்மா கேட்டாங்க. நீங்க ‘மீ’ன்னு சென்னீங்க."

"கதையா? நெசமான ஆளா?"

"இல்ல ஹாஜியார். சும்மா பொய்."

பின்னால் மில்லின் சத்தம் கேட்டது. பிறகு ஸியாம் தும்முகிற சத்தம்.

"என்ட தோட்டத்துல பொய்யா?" ஹாஜியாரின் குரல் மெல்ல ஏறியது. "தொழுதிட்டு வந்த வாயால என்னையும் பொய் சொல்ல வெச்சிட்டீங்களேடா! கெம்பஸ் ஆக்கள் கேஸ் எழுத வந்தீக்கிறாங்க, நான் என்ட வாப்பாட கதய றெக்கோட் பண்ணிக் குடுத்துட்டு நிக்கிறேன்! நாளைக்கி மேலிடத்துலருந்து வந்து தோட்டத்த இழுத்து மூடினா யாருக்குப் பதில் சொல்றது? நான் போய்த் தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டு வாறேன். வாறதுக்குள்ள ஆளச் சொல்லணும். சென்னவன் இப்பவே மில்லுக்குள்ள. வெளிய வாற கதயே இல்ல."

ஹாஜியார் கடைப்பக்கம் போனார். அம்மையார் ஒன்றும் விளங்காமல், "அவர் ஏன் கோபப்படுகிறார்? நான் விளக்கிச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம் மெடம், கறுவாவைப் பாருங்கள்," என்றார் நளீம். மூவரையும் கறுவா உரிக்கிற கொட்டிலில் உட்காரவைத்துவிட்டு, பவாஸைக் கையைப் பிடித்து வாழைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"பவாஸ், என்ட தங்கத் தம்பில்லையா நீ?"

"என்ன நானா?"

"மொளகாத் தூள் ஒனக்கு ஒண்டும் செய்யாதுதானே?"

"எங்கட உம்மா மொளகா விக்கிறவங்க. நான் அதுக்குள்ளதான் பொறந்தேன்."

"பாத்தியா! எனக்கு ஏலாதுடா. நான் உள்ள போனா மய்யத்தாத்தான் வெளிய வருவேன். கைறுன்னிஸாட மொகத்த நெனச்சிப் பாரு." நளீமின் கண்ணில் நிஜமாகவே நீர் வந்துவிட்டது. "அந்தக் கதய நீ சென்னதா ஒத்துக்க. ஹாஜியார்ட கோவம் நோம்பு வரைக்கும் நிக்காது. நான் கால்ல கைல விழுந்து ஒன்ன மறுபடி முன்னுக்குக் கொண்டு வந்துருவேன்."

பவாஸ் யோசித்தான். அவனுக்கு நளீம் மேல் பாசம் உண்டு. ஆனால் முழு மடையனும் அல்ல.

"சரி நானா. ஆனா ஒண்டு. நான் ஹாஜியாருக்கு முன்னால ஒத்துக்கிட்டப் பொறகு, ‘அது என்ட கத’ன்னு நீங்க ஒரு நாளும் வரப்படாது. வந்தா ரெண்டு பேரும் பொய்க்காரங்க ஆயிருவோம். ரெண்டு பேரையும் அனுப்பிருவார்."

"என்ட வாழ்நாள்ல வரமாட்டேன்டா! எனக்கு என்னத்துக்கு அந்தச் சனியன் பிடிச்ச கத?"

ஹாஜியார் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். பவாஸ் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் ஹாஜியார்," என்றான். ஹாஜியார் நளீமைப் பார்த்தார்.

"நெசமா?"

"எனக்கும் இண்டைக்கித்தான் தெரியும் ஹாஜியார்," என்றார் நளீம். குரலில் துக்கமும் கலந்திருந்தது. அதை மெச்ச வேண்டும். "சின்னப் பொடியன். ஏதோ ஆசைல கட்டி விட்டிட்டான்."

"பவாஸ், நட மில்லுக்கு."

பவாஸ் நடந்தான். மில்லின் கதவு திறந்தது, சிவப்பாக ஒரு தூசிப் படலம் வெளியே வந்தது, கதவு சாத்திக்கொண்டது. நளீம் மூக்கைப் பொத்திக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

இனி அம்மையாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கேஸ் முடிந்தது. அவர் கறுவாக் கொட்டிலுக்குப் போய், கைகளைக் கட்டிக்கொண்டு, தான் பேசிய ஆங்கிலத்திலேயே மிகச் சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார்.

"மெடம், கண்டுபிடித்துவிட்டோம். அந்தக் கதையை முதலில் சொன்னது பவாஸ். உங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிய அந்த இளைஞன்."

"வயதானவர் இல்லையா? அவர் ‘மீ’ என்றாரே?"

"அவர் முதலாளி. ஆங்கிலம் தெரியாது."

"நீங்களும் இல்லையா?" அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தார். "உங்கள் வயதையும் பேச்சையும் பார்த்தபோது, நீங்கள்தான் என்று எனக்கு மனதில் பட்டது. ஒருவேளை நீங்கள் கொஞ்சமாவது..."

"ஐயோ, இல்லை மெடம்! ஒரு வரிகூட இல்லை. டொக்டர், மனைவி, நாய், எல்லாம் பவாஸ்தான். முழுக்க முழுக்க பவாஸ்."

"இதைப் போனில் பதிவுசெய்யலாமா?"

"தாராளமாக."

நளீம் போனை நோக்கி, தன் முழுப் பெயரையும் சொல்லி, அந்தக் கதைக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அழுத்தம் திருத்தமாகச் சொன்னார். பவாஸின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று ஒவ்வோர் எழுத்தாகவும் சொல்லிக் கொடுத்தார். பிரெஞ்சு இளைஞனும் ஒல்லாந்துப் பெண்ணும் சாட்சியாக நின்றார்கள். அம்மையார் அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். பிறகு வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் சாரதிமார் கொட்டிலுக்கு ஓடி, தூங்கிக்கொண்டிருந்த ஷிஃபானை உலுக்கி எழுப்பினார். ஜேர்மன் பாஷையில் படபடவென்று என்னவோ சொன்னார். ஷிஃபானுக்கு அந்தப் பாஷை கேட்கவும் வரும், பேசவும் வரும்.

நளீம் ஹாஜியாரின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். உடம்பு இறகு மாதிரி இருந்தது. மில் அங்கே, தான் இங்கே. இரவு கைறுன்னிஸாவிடம் சொல்லிச் சிரிக்க நல்ல கதை கிடைத்துவிட்டது.

"கேஸ் எழுதப் போறாங்களாமா?" என்று ஹாஜியார் தாடியைத் தடவியபடி கேட்டார்.

"பேர் குடுத்துட்டேன் ஹாஜியார். இனி எங்களுக்குத் தொல்ல இல்ல."

ஷிஃபான் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். தூக்கம் இன்னும் முழுதாகக் கலையவில்லை.

"ஹாஜியார், இப்படி ஒரு கதய மூணு நாட்டுக்குள்ள பரப்பின மனிசன இது வரைக்கும் கண்டதே இல்லையாம், அவரத் தங்கட கெம்பஸுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு வருசம் வெச்சிருக்கத்தான் இவ்வளவு தூரம் தேடி வந்தீக்கிறாங்களாம், பவாஸுக்கு பாஸ்போட் ஈக்கான்னு கேக்கிறாங்க."